ஊரே இல்லாத மைன்கிராஃப்ட் உலகில் ஊர் உண்டாக்குவது எப்படி: முதல் இரண்டு பேரிலிருந்து

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள், கட்டிகளை அடுக்கி வீடு கட்டி விளையாடும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் நான் உருவாக்கிய உலகத்தை அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இவ்ளோ பெரிய வீடு கட்டியிருக்கீங்களே, பக்கத்து வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். யாரும் இல்லை. என் உலகம் ஒரு தீவில் தொடங்கியது. நான்கு பக்கமும் கடல். படகில் எவ்வளவோ தூரம் போய்ப் பார்த்தும் ஒரு கிராமம்கூடத் தென்படவில்லை. ஆடு, மாடு, கோதுமை வயல், கல் வீடு எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை.

அவள் ஊருக்குத் திரும்புவதற்குள் நாலு பேரையாவது குடியேற்றிவிட வேண்டும் என்று இறங்கினேன். மூன்று முறை தோற்று, நான்காம் முறைதான் கைகூடியது. மூன்று தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே: இடத்தைத் தயார் செய்யாமல் ஆளைக் கொண்டுவந்தேன். அந்த இரண்டு வாரம் உங்களுக்குப் போகக்கூடாது என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

இந்த விளையாட்டில் ஜாவா, பெட்ராக் என்று இரண்டு வகை உண்டு. இது ஜாவா எடிஷனில், மோட் (மற்றவர்கள் எழுதிய கூடுதல் நிரல்) எதுவும் இல்லாத சாதாரண சர்வைவல் உலகில் செய்தது. பெட்ராக்கிலும் பெரும்பாலான படிகள் இப்படித்தான். ஆனால் எண்ணிக்கைகள் சில இடங்களில் மாறும்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். ஒரு ஊரையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவை இரண்டே இரண்டு வில்லேஜர்கள், அதாவது ஆட்டத்தின் ஊர்மக்கள். அந்த இரண்டு பேரையும் இரவில் உங்களைத் துரத்தும் ஜாம்பிக் கூட்டத்திலிருந்தே எடுக்கலாம். ஜாவாவில் தோன்றும் ஜாம்பிகளில் சுமார் 5 சதவீதம் ஜாம்பி வில்லேஜர்கள். அதாவது சராசரியாக இருபதில் ஒன்று. அவர்களைக் குணப்படுத்தினால் மனிதர்களாகிவிடுவார்கள்.

1. உலகத்தின் நகலும் ஒரு நோட்டுப் புத்தகமும்

சிங்கிள் பிளேயர் பட்டியலில் உங்கள் உலகத்தைத் தேர்ந்தெடுத்து, எடிட் பொத்தானை அழுத்தினால் மேக் பேக்கப் என்று ஒரு வசதி இருக்கும். அழுத்துங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஜிப் கோப்பாகத் தனியே சேமித்துக்கொள்ளும். குணப்படுத்தும் நாளுக்கு முன்பு ஒன்று, முதல் குழந்தை பிறந்த பிறகு ஒன்று என்று இரண்டு நகலாவது கட்டாயம் எடுங்கள்.

நோட்டில் எழுதவேண்டியவை: எஃப் 3 விசையை அழுத்தினால் திரையில் தெரியும் எக்ஸ், ஒய், இசட் எண்கள். வீட்டு வாசல், ஜாம்பி அறை, நெதர் போர்ட்டல் (நெதர் என்ற நெருப்பு உலகத்துக்குப் போகும் வாசல்), படுக்கைகள் இருக்கும் அறை ஆகிய நான்குக்கும் எழுதிவைத்தேன். நான்காவதை எழுதாதவர்கள்தான் பிறகு 'குழந்தை ஏன் பிறக்கவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். எந்தப் படுக்கை யாருடையது என்று ஒரு சின்னப் படம் போட்டுவைத்தால் ஏழாம் படியில் கை கொடுக்கும்.

அடுத்தது டிஃபிகல்ட்டி, அதாவது ஆட்டத்தின் கடினநிலை. இதை நன்றாக யோசித்து வையுங்கள். ஒரு ஜாம்பி வந்து உங்கள் வில்லேஜரைக் கொன்றால் என்ன ஆகும் என்பது இதைப் பொறுத்தது. ஈஸியில் செத்தவர் செத்ததுதான். நார்மலில் பாதிக்குப் பாதி வாய்ப்பில் ஜாம்பி வில்லேஜராக மாறுவார். ஹார்டில் கட்டாயம் மாறுவார், மறுபடி குணப்படுத்திக்கொள்ளலாம். இரண்டே பேர் இருக்கும்போது ஹார்டில் விளையாடுவதுதான் பாதுகாப்பு என்று நான் சொல்வேன். ஆனால் ஹார்டில் ஜாம்பிகள் மரக்கதவை உடைக்கும். அதற்கான மாற்றை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

எக்காரணம் கொண்டும் இடையில் பீஸ்ஃபுல்லுக்கு மாற்றாதீர்கள். என் இரண்டாவது தோல்வி இதுதான். ஒரு ஜாம்பி வில்லேஜரைப் படகில் ஏற்றி, கூரை போட்டு, பத்திரமாக வைத்திருந்தேன். தொந்தரவு இல்லாமல் சுவர் கட்டலாமே என்று ஒரு நிமிடம் பீஸ்ஃபுல் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் காலிப் படகு மட்டும் நின்றது. பீஸ்ஃபுல் வைத்த கணமே பகை உயிர்கள் எல்லாம் மறைந்துவிடும், பிடித்துவைத்ததும் சேர்த்து.

2. ஆள் வருமுன் வீடு

ஒரே அறை போதும். எனக்கு 7க்கு 7 கட்டம் (ஒரு கட்டம் என்பது ஆட்டத்தின் ஒரு கட்டியின் அளவு) உள்ளளவு சரியாக இருந்தது. உயரம் குறைந்தது 3 கட்டம் வையுங்கள். படுக்கைக்கு மேலே 2 கட்டம் காலியாக இல்லாவிட்டால் அந்தப் படுக்கை இனப்பெருக்கக் கணக்கில் சேராது, ஏனென்றால் குழந்தை அதன்மேல் குதிக்க இடம் வேண்டும். தாழ்ந்த கூரை போட்டு அழகு பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

படுக்கை மூன்று: 9 கம்பளி, 9 பலகை. இரண்டு பேருக்கு இரண்டு, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒன்று.

வெளிச்சம்: ஆட்டத்தின் 1.18 பதிப்பு முதல் பகை உயிர்கள் வெளிச்ச அளவு 0 இருக்கும் இடத்தில்தான் தோன்றும். அதனால் அறைக்குள் நான்கு டார்ச், வெளியே சுவரைச் சுற்றி ஐந்தாறு கட்டத்துக்கு ஒன்று வைத்தால் போதும். கூரைமேல் வைக்க மறந்துவிடாதீர்கள். தட்டைக் கூரை இரவில் இருட்டான தரைதான். அங்கே தோன்றிக் கீழே குதிக்கும்.

சுற்றுவேலி: இதுதான் முக்கியம். வில்லேஜர்களுக்கு மரக்கதவைத் திறக்கத் தெரியும், வேலிக்கதவைத் திறக்கத் தெரியாது. ஜாம்பியும் வேலிக்கதவை உடைக்காது. அதனால் அறைக்கு மரக்கதவு வைத்தாலும் வெளிவேலிக்கு வேலிக்கதவு மட்டும் வையுங்கள். வேலி ஒன்றரைக் கட்ட உயரம் என்பதால் ஜாம்பியால் தாண்ட முடியாது. ஆனால் வேலியை ஒட்டி ஒரு மண் கட்டி கிடந்தால் அதன்மேல் ஏறித் தாண்டிவிடும். கட்டி முடித்ததும் வெளிப்பக்கமாக ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

இந்தப் படிக்கு எனக்கு ஒரு மாலை ஆனது. அவசரப்படாதீர்கள்.

3. மருந்துப் பொருட்கள்

ஒரு ஜாம்பி வில்லேஜருக்கு இரண்டு வேண்டும்: வீசக்கூடிய வீக்னெஸ் போஷன் (பலவீனமாக்கும் மருந்து) ஒன்று, கோல்டன் ஆப்பிள் ஒன்று. மந்திர ஆப்பிள் வேண்டாம், சாதாரணமானது போதும்.

கோல்டன் ஆப்பிள் ஒன்றுக்கு 8 தங்கக் கட்டியும் 1 ஆப்பிளும். இரண்டு பேருக்கு 16 கட்டி, 2 ஆப்பிள். ஆப்பிளுக்கு ஓக் மரத்தை வெட்டுங்கள். இலைக்கு 200க்கு 1 என்ற வாய்ப்பில்தான் விழும் என்பதால் ஏழெட்டு மரமாவது வெட்ட வேண்டிவரலாம். வேறு மரங்களில் டார்க் ஓக்கைத் தவிர எதிலும் ஆப்பிள் வராது. பர்ச் காட்டை அழித்துப் பயனில்லை. பழைய சுரங்கப் பெட்டிகளிலும் இடிந்த போர்ட்டல் பெட்டிகளிலும் கோல்டன் ஆப்பிளே நேராகக் கிடைப்பதுண்டு. முதலில் அங்கே பார்த்துவிட்டுத் தங்கத்தைச் செலவழியுங்கள்.

போஷனுக்கு நெதர் கோட்டைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அங்கிருக்கும் பிளேஸ் என்ற நெருப்பு உயிரைக் கொன்றால் கிடைக்கும் பிளேஸ் ராட் இரண்டு போதும்: ஒன்று மருந்து காய்ச்சும் ப்ரூயிங் ஸ்டாண்ட் செய்ய, 3 காபிள்ஸ்டோனோடு சேர்த்து, இன்னொன்றை உடைத்தால் 2 பிளேஸ் பவுடர், அதுதான் எரிபொருள். ஒரு பவுடரில் 20 முறை காய்ச்சலாம். நெதருக்குப் போகும்போது தங்கக் கவசம் ஏதாவது ஒன்றை அணிந்து போங்கள், அங்கே திரியும் பன்றிமுகப் பிக்லின்கள் விட்டுவிடும்.

காய்ச்சும் முறை: பழுப்புக் காளான், சர்க்கரை, சிலந்திக் கண் மூன்றையும் சேர்த்தால் புளித்த சிலந்திக் கண். மூன்று தண்ணீர் பாட்டிலை ஸ்டாண்டில் வைத்து மேலே இதைப் போடுங்கள். நெதர் வார்ட் தேவையில்லை. பல போஷன்களுக்கு அது முதலில் வேண்டும் என்பதால் எல்லோரும் பழக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். 20 விநாடியில் வீக்னெஸ் போஷன் ஆகும். அடுத்து வெடிமருந்து ஒன்று போட்டால் இன்னொரு 20 விநாடியில் வீசக்கூடியதாக மாறும். ஒரே தடவையில் மூன்று பாட்டில் வந்துவிடும். இரண்டு பேருக்குப் போக ஒன்று மிச்சம், அதைப் பெட்டியில் வையுங்கள். குறி தவறும்.

வெடிமருந்து போட மறந்து, குடிக்கும் போஷனை வைத்துக்கொண்டு ஜாம்பி முன்னால் நிற்காதீர்கள். அதை வீச முடியாது. ஐகானில் பாட்டிலின் வடிவம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பனிப்பிரதேசம் பக்கத்தில் இருந்தால் இந்தப் படி முழுவதையும் தாண்டிவிடலாம். பனிவீடுகளில் ஏறக்குறைய பாதியில் அடித்தளம் இருக்கும். உள்ளே தரைவிரிப்பை எடுத்துப் பாருங்கள். கீழே ட்ராப்டோர் இருந்தால் ஏணி வழியே இறங்குங்கள். கம்பிக்குப் பின்னால் ஒரு வில்லேஜரும் ஒரு ஜாம்பி வில்லேஜரும் இருப்பார்கள். ப்ரூயிங் ஸ்டாண்டில் வீக்னெஸ் போஷனும் பெட்டியில் கோல்டன் ஆப்பிளும் தயாராக இருக்கும். ஒரே இடத்தில் ஜோடி. என் தீவில் பனியே இல்லை.

4. பிடிப்பது

பலரும் எங்கோ ஒரு வில்லேஜரைக் கண்டுபிடித்து ஆயிரம் கட்டம் தாண்டி இழுத்துவருகிறார்கள். நான் செய்ததும் உங்களுக்குச் சொல்வதும் வேறு: ஜாம்பியாக இருக்கும்போதே அவரை நடத்தி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வில்லேஜர் உங்கள் பின்னால் வரமாட்டார். ஜாம்பி வரும். 35 கட்டம் தூரத்திலிருந்தே உங்களைப் பார்த்துத் தேடி வரும்.

ஜாம்பி வில்லேஜரை அடையாளம் காண்பது எளிது. பச்சை முகத்தில் அந்த நீண்ட மூக்கு. உடையில் ஏதாவது ஒரு தொழிலின் சாயல், உதாரணமாக மீனவர் தொப்பி. வில்லை எடுக்காதீர்கள், நாயை வீட்டிலேயே உட்கார வையுங்கள். ஜாம்பி வில்லேஜரைக் கண்டதும் சுற்றியிருக்கும் மற்ற ஜாம்பிகளை மட்டும் வெட்டிவிட்டு, பத்துக் கட்ட இடைவெளியில் பின்னோக்கி நடந்து வாருங்கள்.

வீட்டருகே முன்பே ஒரு படகை வைத்திருங்கள், 5 பலகை செலவு. ஜாம்பி நடந்து வந்து படகில் இடித்தால் தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இறங்காது. ஜாவாவில் படகில் உட்கார்ந்திருக்கும் உயிர் நீங்கள் தூரம் போனாலும் மறையாது என்பது இன்னொரு நன்மை. நேரம் முக்கியம்: மைன்கிராஃப்டில் ஒரு முழு நாள் 20 நிமிடம். அதில் ஜாம்பி வெளியே நடமாடுவது ஏழு நிமிடம் போலத்தான். இரவு தொடங்கியவுடன் தேடுங்கள். நள்ளிரவு தாண்டி ஒன்றைப் பார்த்தால், வீடு பக்கத்தில் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

படகில் உட்கார்ந்த உடனே தலைக்கு மேல் கூரை போட்டுவிடுங்கள். என் முதல் தோல்வி இங்கேதான். படகில் ஏறிவிட்டதே என்ற சந்தோஷத்தில் வீட்டுக்குள் போய் ஆப்பிள் செய்துகொண்டிருந்தேன். வெளியே கிழக்கு வெளுத்தது. ஓடி வருவதற்குள் தீப்பிடித்து, படகில் உட்கார்ந்தபடியே எரிந்து போனார். மஞ்சள் வெயிலில் அந்தக் காலிப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான்கு மண் கட்டி போட்டிருந்தால் போதும்.

பிறகு படகைச் சுற்றிச் சுவர் எழுப்பி, முன்பக்கத்தில் கீழே கால் மட்டத்தில் ஒரு வேலி, அதற்கு மேலே இடைவெளி என்று விடுங்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் மருந்து கொடுக்கப் போகிறீர்கள். படகில் இருந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் அடிக்கும். ஒரு கட்டம் தள்ளியே நில்லுங்கள்.

இரண்டாவது ஆள் கிடைக்கும்வரை முதல் ஆளைக் குணப்படுத்த வேண்டாம். ஜாம்பியாகப் படகில் உட்கார்ந்திருக்கும்வரை அவரை எதுவும் தாக்கப்போவதில்லை. குணமான தனி வில்லேஜரோ, ஒவ்வொரு இரவும் காக்கப்பட வேண்டிய ஒருவர். எனக்கு இரண்டாவது ஆள் கிடைக்க ஆட்டத்தில் ஆறு இரவுகள் ஆயின.

5. குணப்படுத்துவது

இரண்டு படகும் பக்கத்தில் இருந்தால் ஒரே பாட்டில் இருவர்மேலும் படும். வீசியதும் சாம்பல் நிறக் குமிழிகள் எழும். அது அடங்குவதற்குள் கோல்டன் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்மேல் வலது கிளிக் செய்யுங்கள். கரகரவென்று ஒரு பெரிய சத்தம் வரும், உடல் நடுங்கத் தொடங்கும், சிவப்புச் சுழிகள் எழும். அப்படியென்றால் வேலை நடக்கிறது. சத்தம் வரவில்லை என்றால் போஷன் படவில்லை.

ஜாவாவில் 3 முதல் 5 நிமிடம் ஆகும். பக்கத்தில் இரும்புக் கம்பிகளும் படுக்கைகளும் இருந்தால் சற்று சீக்கிரம் ஆகும். இதற்காக மெனக்கெட வேண்டாம். மூன்று படுக்கையும் அறையில் ஏற்கெனவே இருக்கிறதே, அதை ஒட்டி ஜாம்பி அறையை அமைத்தால் போதும். நடுங்கும் நேரத்தில் அவருக்கு ஸ்ட்ரெங்த் என்ற கூடுதல் பலம் ஏறியிருக்கும், அடி பலமாக விழும். வெயிலும் அப்போதும் சுடும். கூரையை எடுக்க அவசரப்படாதீர்கள்.

நடுக்கம் நின்று பச்சை முகம் நிறம் மாறி, கைகளைக் கட்டிக்கொண்டு "ம்ஹ்ம்" என்று ஒரு முனகல். அக்கா மகள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். மாதக்கணக்கில் ஆடு மாட்டுச் சத்தம் மட்டுமே கேட்ட உலகத்தில் அந்தக் குரலுக்கு ஈடு எதுவும் இல்லை.

6. வீட்டுக்குள் விடுவது

பகலில் செய்யுங்கள். படகை உடைக்குமுன் சுற்றுவேலி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நான் சொன்னபடி அறையை ஒட்டியே பிடித்திருந்தால் ஒரு சுவரை உடைத்தால் முடிந்தது. தூரத்தில் பிடித்திருந்தால் நீங்களும் அதே படகில் ஏறி ஓட்டுங்கள். தரையிலும் படகு நகரும், மெதுவாக. ஆனால் ஒரு கட்டம்கூட மேலே ஏறாது. மேட்டுநிலத்துக்கு மைன்கார்ட்டும் தண்டவாளமும்தான் வழி: வண்டிக்கு 5 இரும்பு, 16 தண்டவாளத்துக்கு 6 இரும்பும் ஒரு குச்சியும். நூறு கட்டத் தூரத்துக்கே நாற்பது இரும்பைத் தாண்டிவிடும். வீட்டருகே பிடியுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

7. மூன்றாவது படுக்கை

இருவரும் சாப்பிட்டுத் திருப்தியாக இருந்தால்தான் குழந்தை. ஒவ்வொருவருக்கும் 3 ரொட்டி, அல்லது 12 கேரட், அல்லது 12 உருளைக்கிழங்கு, அல்லது 12 பீட்ரூட். ரொட்டி என்றால் இருவருக்கும் சேர்த்து 18 கோதுமை. கையில் கொடுக்க முடியாது. அவர்கள் காலடியில் போடுங்கள், எடுத்துக்கொள்வார்கள். ஒருவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வதும் உண்டு, அதனால் இரட்டிப்பாகப் போடுங்கள். இதயங்கள் மிதந்தால் நல்ல சேதி. இதயத்துக்குப் பிறகு கறுத்த மேகத்துணுக்குகள் எழுந்தால் படுக்கை போதவில்லை என்று பொருள்.

படுக்கைதான் மூன்று போட்டாயிற்றே, ஏன் போதவில்லை? என் மூன்றாவது தோல்வி இதில் தொடங்கியது. பக்கத்து அறையில் என் சொந்தப் படுக்கை இருந்தது. வில்லேஜர்களுக்கு எது உங்களுடையது என்று தெரியாது, எதில் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடுவார்கள். ஒருவர் என் படுக்கையைப் பிடித்துக்கொண்டு, இரவில் அதற்கு வருவதற்காகக் கதவைத் திறந்து வெளியே நடந்தார். அப்போது நார்மலில் வைத்திருந்தேன். வெளியே ஜாம்பி நின்றது. திரும்ப வரவில்லை. உங்கள் படுக்கையை முதலில் தூக்கிவிடுங்கள், அல்லது அவர்கள் எட்டாத மாடியில் ஏணி வைத்துத் தனியாகப் போடுங்கள்.

நண்பர்களின் சர்வரில் விளையாடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: க்ரீப்பர் (அருகில் வந்து வெடிக்கும் பகை உயிர்) வெடித்தால் வீடு உடையக்கூடாது என்று, உயிர்கள் உலகத்தில் கைவைப்பதை அனுமதிக்கும் மாப் க்ரீஃபிங் விதியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அது நின்றிருந்தால் வில்லேஜர்கள் கீழே கிடக்கும் உணவை எடுக்கவே மாட்டார்கள். எத்தனை மூட்டை ரொட்டி போட்டாலும் அப்படியே கிடக்கும்.

குழந்தை பெரியவராக 20 நிமிடம், அதாவது ஆட்டத்தில் ஒரு முழு நாள். அதே ஜோடிக்கு அடுத்த குழந்தை பிறக்க 5 நிமிட இடைவெளி. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படுக்கை கூடுதலாகப் போட்டுக்கொண்டே போங்கள்.

8. வேலை கொடுப்பது

ஆளுக்கொரு தொழில் மேசை வைத்தால் ஆளுக்கொரு தொழில். முதல் ஆளுக்கு விவசாயம் கொடுங்கள்: கம்போஸ்டர் (உரப்பெட்டி) ஒன்று, 7 மர ஸ்லாப் செலவு. கோதுமை வயலை ஒட்டி வைத்தால் தானே அறுத்து, தானே நட்டு, விளைந்ததை மற்றவர்களிடம் வீசிக்கொடுப்பார். ஏழாம் படியின் உணவுக் கவலை அத்தோடு தீர்ந்தது. இரண்டாவது, ஃப்ளெட்சர் (அம்பு செய்பவர்), அவர் மேசைக்கு 4 பலகை, 2 ஃப்ளின்ட். 32 குச்சிக்கு ஒரு எமரால்ட் தருவார், அதுதான் வில்லேஜர்களின் காசு. மரம் வெட்டத் தெரிந்த யாரும் அதோடு பணக்காரர். மூன்றாவது நூலகர், லெக்டர்ன் மேசை. முதலில் என்ன புத்தகம் விற்கிறார் என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் லெக்டர்னை உடைத்துத் திரும்ப வைத்தால் புதிய பட்டியல் வரும். மெண்டிங் (கருவியின் பழுதைச் சரிசெய்யும் மந்திரம்) புத்தகம் கிடைக்கும்வரை நான் செய்தேன், ஒரு மாலை முழுவதும் போயிற்று. அதன் விலை 10 முதல் 38 எமரால்டுக்குள் விழும். நீங்கள் குணப்படுத்திய ஆளாக இருந்தால் நல்ல தள்ளுபடியும் உண்டு.

ஒருமுறை வியாபாரம் செய்துவிட்டால் தொழில் நிரந்தரம். தவறான ஆளிடம் பழக்கத்தில் ஒரு எமரால்டை நீட்டிவிடாதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருட்களையும் கவனியுங்கள். நான் சாமான் வைக்க பீப்பாய்களை வரிசையாக அடுக்கியிருந்தேன். பீப்பாய் மீனவரின் மேசை. நூலகர் ஆக்க வேண்டும் என்று வளர்த்த பையன் மறுநாள் காலை மீனவர் தொப்பியோடு நின்றான். ப்ரூயிங் ஸ்டாண்டும் அப்படித்தான், பூசாரி ஆக்கிவிடும். வேண்டாததை உடைத்து எடுத்து வேறிடத்தில் வையுங்கள். வியாபாரம் செய்திராத ஆளாக இருந்தால் தொழிலை விட்டுவிடுவார். பச்சை உடை அணிந்தவருக்கு மட்டும் எந்த மேசையும் ஒட்டாது. ஆனால் அவருக்கும் குழந்தை பிறக்கும், குடும்பத்தில் ஒருவராக இருக்கட்டும்.

9. காவல், பூனை, நாய்

கடைசியில் சொன்னாலும், இரும்பு மனிதன், அதாவது அயர்ன் கோலம், முதல் குழந்தை பிறக்குமுன் வந்துவிட வேண்டும். இரும்புப் பாளம் 4, அதாவது 36 கட்டி. தரையில் ஒன்று, அதன்மேல் ஒன்று, அதன் இரு பக்கமும் கைகளாக ஒவ்வொன்று. கடைசியாக, கத்தரியால் செதுக்கிய பூசணியைத் தலையாக வையுங்கள். பூசணியை முதலிலேயே வைத்துவிட்டால் உயிர் வராது. கைகளுக்குக் கீழே புல் இருந்தாலும் வராது, வெட்டிவிடுங்கள். நீங்கள் கட்டிய கோலம் எந்நாளும் உங்களை அடிக்காது. உடலில் விரிசல் தெரிந்தால் இரும்புக் கட்டியை அதன்மேல் பயன்படுத்துங்கள், விரிசல் மறைந்துவிடும்.

கோலம் க்ரீப்பரைத் தொடாது. க்ரீப்பர் வில்லேஜரைத் தேடி வருவதுமில்லை; உங்களைத் தேடி வந்து அவர்கள் நடுவில் வெடிக்கும். அதற்குப் பூனை வேண்டும். ஜாவாவில் வில்லேஜர்கள் உரிமை கொண்டாடிய படுக்கை ஐந்தானதும் தெருப்பூனைகள் தாமாகவே வரத் தொடங்கும். பச்சை மீனை, காட் அல்லது சால்மன், கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். ஓடினால் அது ஓடிவிடும். மீனுக்கு மூன்றில் ஒன்று வாய்ப்பு, அதனால் ஐந்தாறு மீன் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பூனையை வாசல் பக்கம் உட்கார வைத்தால் க்ரீப்பர் அண்டாது. இரவில் உங்கள் படுக்கைக்கு ஏறிவந்து படுத்து, காலையில் ஏதாவது ஒன்றைப் பரிசாகப் போட்டுவிட்டுப் போகும்.

நாய்க்கு எலும்பு, அதற்கும் மூன்றில் ஒன்று வாய்ப்பு. பக்கத்தில் இருந்தால் உங்கள் பின்னாலேயே தாவி வந்துவிடும். கடல் தாண்டும்போது மட்டும் நம்ப வேண்டாம், படகில் கூடவே உட்கார வைத்துக் கூட்டிவாருங்கள். 1.20.5 முதல் ஆர்மடில்லோ செதில் 6 கொண்டு நாய்க்குக் கவசம் செய்யலாம். சவன்னா பக்கம் போனால் சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

அலே என்ற சின்ன நீலப் பறவை போன்ற துணை, 2022இல் 1.19இல் வந்தது, கொள்ளையர் காவல்கோபுரங்களின் கூண்டுகளில் சில சமயம் இருக்கும். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அதே பொருளைத் தேடிப் பொறுக்கி வந்து தரும். ஆனால் அங்கே கொடி பிடித்த தலைவனைக் கொன்றால் 1.21க்கு முந்தைய பதிப்புகளில் பேட் ஓமன் என்ற சாபம் ஒட்டிக்கொள்ளும். அதோடு ஊருக்குள் கால் வைத்தால் கொள்ளைப்படை வரும். ஒரு வாளிப் பால் குடித்துவிட்டுத் திரும்புங்கள். புதிய பதிப்பில் அவன் ஒரு பாட்டிலைப் போட்டுவிட்டுச் சாவான். அதைக் குடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, சிலருக்கு நினைவே வராதது: மின்னல் வில்லேஜர்மேல் விழுந்தால் சூனியக்காரியாகிவிடுவார், மீட்க வழியில்லை. 3 செப்புக் கட்டியில் ஒரு இடிதாங்கி செய்து கூரை உச்சியில் நடுங்கள்.

10. பேசிப் பழகும் துணை வேண்டுமானால்

முனகல் போதாது, பேச வேண்டும், கூடவே சண்டைக்கு வர வேண்டும் என்றால் மோட்தான் வழி, அதுவும் ஜாவாவில். எம்சிஏ ரீபார்ன் என்ற மோட் வில்லேஜர்களை மனித முகமுள்ள, பேசக்கூடிய ஆட்களாக மாற்றும். கார்டு வில்லேஜர்ஸ் காவலர்களைச் சேர்க்கும். மைன்காலனீஸில் நகரமன்றம் ஒன்றை வைத்துக் குடிகளைக் கொண்டு ஊரையே கட்டவைக்கலாம். எல்லாம் இலவசம். கர்ஸ்ஃபோர்ஜ், மாட்ரின்த் என்ற இரண்டு தளங்களிலிருந்து மட்டும் இறக்குங்கள். காசு கேட்கும் தளத்தையும், ஜார் கோப்புக்குப் பதில் நிறுவும் கோப்பைத் தரும் தளத்தையும் உடனே மூடிவிடுங்கள். மோட், ஆட்டத்தின் பதிப்பு, மோடை இயக்கும் ஃபோர்ஜ் அல்லது ஃபேப்ரிக், மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் திறக்காது.

இங்கே முதல் படியின் நகலை மறுபடி எடுங்கள். வில்லேஜரையே வேறு உயிராக மாற்றும் மோடைப் பின்னால் நீக்கினால், அதன் ஆட்களும் கூடவே போய்விடக்கூடும். இத்தனை பாடுபட்டு வரவழைத்தவர்களைச் சோதனைக்கு விடாதீர்கள். நகல் உலகத்தில் போட்டு ஒரு வாரம் விளையாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் மோட் போடவில்லை. அதற்குப் பதில் ஒரு மணி வாங்கினேன். வில்லேஜர்களில் ஆயுதக் கொல்லரோ கவசக் கொல்லரோ இரண்டாம் நிலைக்கு வந்தால் 36 எமரால்டுக்கு விற்கலாம். நம் கையால் அதைச் செய்ய முடியாது. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கல்லின்மேல் நட்டேன். வேலை முடிந்த சாயங்கால நேரத்தில் ஐந்து பேரும் அதைச் சுற்றி வந்து நின்று, ஒருவரையொருவர் பார்த்து முனகிக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் ஆளுக்கொரு திசையில் அவரவர் படுக்கைக்குப் போனார்கள். அக்கா மகள் ஊருக்குப் போகும் முந்தைய நாள் அது. கதவை அவள்தான் சாத்தினாள்.